புளியங்கொட்டையில் தோற்றுப் பழகுவோம்

"கொழும்புல சின்னதா ஒரு போக்கர் டோர்னமென்ட் இருக்காம். போய்ப் பாக்கலாமா?" எங்க வட்டத்துல ஒரு தம்பி கேட்டான். ஃபோன்ல வீடியோ பார்த்தே ஆட்டத்தைப் பழகினவன். ஓமியில அவனை வெல்ல எங்கள்ல ஆள் இல்ல.

"போகாதே" என்று ஒரே சொல்லில் முடிச்சிருக்கலாம். நம்ம ஊர்ல பலருக்குச் சூது ஹராம். மத்தவங்களுக்குத் தருமர் கதை தெரியும், வள்ளுவர் சூதுக்கென்றே ஒரு அதிகாரம் எழுதினதும் தெரியும். ஆனா தடுக்க மட்டும் செஞ்சா, எங்களுக்குச் சொல்லாமலே மாவனல்லை டவுன்ல 1ஆம் நம்பர் பஸ் ஏறிப் போயிடுவான். அதனால அவனோட உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்க எழுதுறோம்.

முதல்ல ஆட்டம். ஓமியில எட்டுக் காட் கைக்கு வந்தா, நல்லதோ கெட்டதோ, எட்டையும் ஆடித்தான் தீரணும். அந்தப் பழக்கம் நமக்கு ஊறிப்போச்சு. போக்கர்ல பிடிக்காத கையைக் கீழே வச்சிடலாம். புதுசா போறவங்க அதிகமாத் தோற்கிறது இங்கதான்: காசு கட்டி வந்தாச்சு, சும்மா இருக்கவா என்று எல்லாக் கையையும் ஆடுறாங்க. ஒன்பது பேர் மேசையில பத்துக் கையில ஏழெட்டையாவது விடத் தெரியணும்.

இரண்டாவது, இருக்கிற இடம். ஓமியில கடைசியா காட் போடுறவருக்கு மத்த மூணு பேர் போட்டதும் தெரியும். போக்கர்லயும் அப்படித்தான். கடைசியா முடிவு எடுக்கிற இடத்துல கொஞ்சம் சுமாரான கையையும் ஆடலாம். முதல்ல பேச வேண்டிய இடத்துல நல்ல கை மட்டும்.

மூணாவது, மணிக்கூடு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் காட் பார்க்கிறதுக்கு முன்னாலேயே கட்டாயமா சிப் வைக்கணும். அதுக்குப் பேர் பிளைண்ட். சின்ன டோர்னமென்ட்ல இது வேகமா ஏறும். உதாரணத்துக்கு, 10,000 சிப்போட தொடங்குறோம், பெரிய பிளைண்ட் 100 என்று வைங்க. பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறி எட்டாவது கட்டத்துல அது 1,000 ஆனா, ஒன்றே முக்கால் மணித்தியாலத்துல அதே 10,000 சிப் பத்து பிளைண்டுக்குத்தான் காணும். அதுக்குப் பிறகு பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா வைக்க இடமில்ல. ஒன்று எல்லாத்தையும் வைக்கணும், இல்லன்னா கையை விடணும். அதாவது நல்லா ஆடுறவரும் கடைசியில அதிர்ஷ்டத்துக்கிட்டத்தான் கையேந்தி நிற்பார்.

இவ்வளவும் தம்பி டக்கென்று பிடிச்சிக்கிட்டான். பிறகு காசுக் கணக்குக்கு வந்தோம்.

கசினோவுக்குள்ள போற இலங்கைக் குடிமக்களுக்கு அரசாங்கம் நுழைவு வரி வச்சிருக்கு. 2025இல் அதை 50 டொலரிலிருந்து 100 டொலராக்கினாங்க. டொலர் 300 ரூபா என்று பிடிச்சாலே 30,000 ரூபா. தோட்டத்துல வேலை செய்றவங்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து, வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து, நாளுக்கு 1,750 ரூபா. கதவைத் தாண்டவே பதினேழு நாள் சம்பளம்.

இப்போ ஒரு சின்னப் போட்டியைக் கற்பனை செஞ்சு பார்ப்போம். பரிசுப் பணத்துக்கு ஆளுக்கு 10,000, நடத்துறவங்களுக்கு 2,000. இருபது பேர். பரிசுத் தொகை 2 இலட்சம். முதலாமவருக்கு 1 இலட்சம், அடுத்தவருக்கு 60,000, மூணாமவருக்கு 40,000. தம்பி செலவழிச்சது நுழைவு வரியோட சேர்த்து 42,000. இருபது பேரில் மூணாவதா வந்தாலும் அவனுக்கு 2,000 நட்டம், பஸ் காசு வேற.

"நான் மத்தவங்களை விட நல்லா ஆடுவேனே?" என்றான். சரி, அதையும் பார்த்தோம். எல்லாரும் சம திறமை என்றால் ஒருத்தருக்குச் சராசரியா வர்றது 10,000. நீ அதைப் போல நாலு மடங்கு எடுக்கிற கெட்டிக்காரன் என்றே வைப்போம். வர்றது 40,000. போட்டது 42,000. அவன் கொஞ்ச நேரம் பேசல்ல.

பிறகு மெல்ல கிறிஸ் மணிமேக்கர் கதையை எடுத்தான். 2003இல் அந்த அமெரிக்கக் கணக்காளர் இணையத் தகுதிச் சுற்று வழியா உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றது உண்மைதான். அன்றைக்கு ஆடினவங்க 839 பேர். மத்த 838 பேரைப் பத்தி யாரும் நமக்கு வீடியோ அனுப்புறதில்ல. முதல் தடவையே கொஞ்சம் வென்றுட்டா இன்னும் ஆபத்து. சூதுல வர்ற வெற்றி தூண்டில் இரையை மீன் விழுங்கின மாதிரி என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான்.

எங்க கருத்து இதுதான்: போக்கர் கணக்கைப் படிங்க, அது மூளைக்கு நல்ல வேலை. ஆனா நம்ம வருமானத்துல கசினோவுக்குப் போறதுக்கு நல்ல உத்தி என்று ஒன்று கிடையாது. ஆட்டம் பழகணும் என்றால் வீட்டுலயே பழகலாம். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை, பக்கத்துல ஒரு மணிக்கூடு, பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பிளைண்டை ஏத்துங்க. எத்தனை கையை விட்டீங்க, எத்தனை தடவை கோபத்துல எல்லாத்தையும் வச்சீங்க என்று கொப்பியில எழுதுங்க. புளியங்கொட்டைக்கே பொறுமை இல்லன்னா காசுக்கு எங்க வரும்?

உங்க கூட்டாளி யாராவது ஏற்கனவே கடன் வாங்கி ஆடுறாரென்றால் புத்திமதி சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. கூட இருந்து 1926க்கு ஒரு கோல் எடுத்துக் குடுங்க. தேசிய மனநல உதவி இலக்கம் அது, எந்த நேரமும் எடுக்கலாம்.

தம்பி கொழும்புக்குப் போகல்ல. போன சனிக்கிழமை எங்க புளியங்கொட்டை எல்லாம் அவன்கிட்டதான் இருந்தது.