நம் நோய்க் குறிப்பு யார் கையில்?

சாலைக் கடைத்தெருவில் விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள். வாயில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுக்கிறார். பெயர், வயது, ஊர், தொழில், வெற்றிலை புகையிலைப் பழக்கம் எல்லாவற்றையும் கேட்டுப் பதிகிறார்கள். சோதனை முடிவும் அதில் ஏறுகிறது. அந்தக் குறிப்பு பிறகு எங்கே போகிறது? யார் படிக்கிறார்கள்? நம்மில் பலர் இதைக் கேட்டதே இல்லை.

“எதற்கு வம்பு, ஒன்றும் சொல்லாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. காசநோய் என்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகலாம். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் குடியிருக்கும் அறை போகலாம். மகளின் கல்யாணப் பேச்சு நின்று போகலாம். ஆனாலும் மறைப்பது நமக்கு நன்மை தராது. அதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

1990களின் நடுவில் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்று பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடத்தியது இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம். 35 வயதும் அதற்கு மேலும் ஆன 1,91,000க்கும் அதிகமானவர்கள் அதில் இருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருடைய வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பரிசோதித்தார்கள். மறுபாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். பிறகு யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். முடிவு 2005இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயைப் பரிசோதித்த இடங்களில் வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விலை கூடிய இயந்திரம் தேவைப்படவில்லை. பழகிய கண் போதுமானதாக இருந்தது. பதிவேடு இல்லாமல் இந்த உண்மை வெளிவந்திருக்குமா?

நம் நிலைமை என்ன? புற்றுநோய்ப் பதிவேட்டில், ஓர் எல்லைக்குள் ஓராண்டாவது குடியிருந்தவரையே அந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் ஊரில் என்று வாழ்பவர் எந்தக் கணக்கு? நோய் முற்றியபின் தென்காசிக்குத் திரும்பி அங்கே கண்மூடுகிறவர் எந்தக் கணக்கு? இங்கே மலையாளத்தில் ஒரு விதமாகவும் அங்கே தமிழில் வேறு விதமாகவும் எழுதிய பெயர் ஒரே ஆளுடையது என்று யார் கண்டுபிடிப்பது? கணக்கில் வராதவருக்குத் திட்டத்திலும் இடம் கிடைக்காது.

ஆகவே நம் குறிப்பு ஆராய்ச்சிக்குப் போகட்டும். ஆனால் எப்படிப் போக வேண்டும் என்பதில் நாம் ஏமாறக் கூடாது.

2020இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா காலத்தில் கேரள அரசு திரட்டிய மக்களின் உடல்நல விவரங்களைக் கையாள ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க கம்பெனியின் உதவி பெறப்பட்டது. அவசரம் என்றது அரசு. மக்களின் சம்மதம் எங்கே என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்த பிறகே கம்பெனி பார்க்கலாம். இனிமேல் விவரம் கேட்கும்போது, வெளியார் பார்க்கக்கூடும் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றது. அவசர காலத்திலும் இது முடியும் என்றால் சாதாரண காலத்தில் ஏன் முடியாது?

பெயரை அடித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ‘சாலை, இன்ன தெரு, வயது 52, நகை வேலை, பூர்வீகம் தென்காசி’ என்று எழுதியிருந்தால் பெயர் எதற்கு? தெருவில் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இதற்கும் வழி உண்டு. 2020இல் இங்கிலாந்தில் ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற ஏற்பாட்டின் மூலம் 1.7 கோடிப் பேரின் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு கொரோனா மரணங்களை ஆராய்ந்தார்கள். குறிப்புகள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆராய்ச்சியாளர் தம் கேள்வியைக் கணினி மூலம் அங்கே அனுப்பினார். கூட்டிக் கழித்த விடை மட்டும் வெளியே வந்தது. யார் என்ன கேட்டார் என்பதும் பகிரங்கமாகப் பதிவானது. நெல்லை வீட்டுக்கு வீடு வாரி இறைக்காமல் களஞ்சியத்திலேயே வைத்து அளப்பது போன்றது இது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விவரத்தைக் கொண்டு தனி ஆளைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைக்கிறது. ஆய்வில் சேர்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் கூறுகின்றன. ஏட்டில் உள்ளதை நடைமுறைக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு.

எனவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. சம்மதத் தாள் தமிழில் வேண்டும். எழுத்தறியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுக்காமல், காவலுள்ள ஓரிடத்தில் வைத்து ஆராய விட வேண்டும். கேரளப் பதிவேடும் தமிழ்நாட்டுப் பதிவேடும் பாதுகாப்பாக ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். ஆய்வின் முடிவு எங்கள் தெருவுக்கும் வந்து சேர வேண்டும்.

அடுத்த முறை ஆஷா ஊழியர் தாளுடன் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். கேட்காமல் கைநாட்டும் வைக்காதீர்கள். “இது எதற்கு, யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை உண்டு. கேட்க நமக்கு உரிமை உண்டு.