மகுடம் கேட்ட கதை

வில்லிசை என்றால் சுப்பு ஆறுமுகம் (1928–2022) பெயரையாவது சொல்லிவிடுகிறோம். கணியான் கூத்து என்றால், தமிழ் முதுகலை படித்த நாம் விழிக்கிறோம். தாமிரபரணிக் கரையூர்களில் சுடலைமாடன் கொடைகளில் விடிய விடிய ஒலிக்கும் மகுடத்தை நாம் முதன்முதலில் கேட்டது யூடியூபில் என்பது வெட்கம்தான். நெருப்பில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். உச்சம், மந்தம் என இரு மகுடங்கள். காதோரம் கைவைத்து அண்ணாவி கதையைத் தொடங்குகிறார். அதற்குள் காணொளி பெண்வேடக்காரரின் ஆட்டத்துக்குத் தாவிவிடுகிறது! இரவெல்லாம் நீளும் கதையில் ஐந்து நிமிடமே மிஞ்சுகிறது. தலைப்பில் கோயில் பெயருண்டு, ஊர்ப் பெயருண்டு. பாடிய அண்ணாவியின் பெயரைக் காணோம். பதிவேற்றும் அன்பர்களே, பாட்டை வெட்டாதீர்கள், பெயரையும் எழுதுங்கள். வரும் சித்திரைக் கொடைக்கு மாணவர்களோடு நாமே போவதாக இருக்கிறோம்.