காரியம் முடிந்த பிறகு

காவிரிக் கரையை ஒட்டிய ஓர் ஊரில், சிவன் கோயில் பிராகாரத்தின் தென்புறம், வில்வ மரத்தடியில் ஒரு கல்மேடை உண்டு. பிரதோஷந்தோறும் மாலை நான்கரை மணிக்கெல்லாம் அம்மேடையில் ஒரு தம்பதியர் வந்து அமர்ந்துவிடுவார்கள். அம்மையாரின் மடியில் பூக்குடலை. பெரியவரின் கையில் ஒரு சிறு செம்புப் பால். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் தொடங்கியதும் அம்மையார் செம்பை வாங்கிக்கொண்டு எழுந்து செல்வார். முழங்கால் வலியால் பெரியவர் இருந்த இடத்திலிருந்தே கைகூப்புவார். தீபாராதனை முடிந்தபின் அம்மையார் கொண்டுவரும் விபூதியை இட்டுக்கொண்டு, இருவரும் மெல்ல நடந்து வீடு திரும்புவார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கோயிலுக்கு வருவோர் கண்டு பழகிய காட்சி இது.

சென்ற புரட்டாசியில் அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தார். கோயில் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சென்று மாலை சாத்தி வணங்கி வந்தனர். 13ஆம் நாள் சுபம் முடிந்தது. மகன் பெங்களூருக்கும், மகள் வெளிநாட்டுக்கும் புறப்பட்டுச் சென்றனர். ஐப்பசிப் பிரதோஷத்தன்று கல்மேடை வெறுமையாக இருந்தது. “இனி ஓராண்டுக்கு அவர் கோயிலுக்கு வரமாட்டார்” என்றார் ஒருவர். “துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, தனியாக இருக்கட்டும்” என்றார் மற்றொருவர். இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவையே. ஆனால் இரண்டும் சேர்ந்து அப்பெரியவரை அவருடைய வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டன.

கோயில் பழக்கம் என்பது ஒரு தனி வகைப் பழக்கம். உறவுமில்லை, நெருங்கிய நட்புமில்லை. ஒருவருக்கொருவர் நட்சத்திரமும் கோத்திரமும் தெரியும். வீட்டு எண் தெரியாது. சந்நிதியில் இடம் விட்டுக் கொடுத்து, பிரசாதத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு தலைமுறைக்காலம் அருகருகே நின்றிருப்பார்கள்; ஒருவர் வீட்டு வாசற்படியை மற்றவர் மிதித்திருக்கமாட்டார். இத்தகைய பழக்கமுள்ளவர்கள் துக்கம் நேர்ந்த வீட்டுக்கு ஒருமுறை சென்று வந்ததும் தங்கள் கடமை தீர்ந்ததாக எண்ணுவது இயல்பே. அதற்கு மேல் செல்வது உரிமை மீறலாகுமோ என்னும் கூச்சம் அவர்களைத் தடுக்கிறது.

நம் சாத்திரம் அவ்வாறு எண்ணவில்லை. இறந்தவருக்கான கிரியைகள் பத்து நாளிலோ, 13ஆம் நாளிலோ, 16ஆம் நாள் காரியத்திலோ முற்றுப்பெற்றுவிடுவதில்லை. மாதந்தோறும் வரும் மாசிகங்களும் இடையில் வரும் ஊனமாசிகங்களுமாக, சோடசம் எனப்படும் 16 சிராத்தங்கள் ஓராண்டின்மேல் பரந்து கிடக்கின்றன. அவை முடிந்த பிறகே ஆப்திகம். பிரிவுத் துயர் ஆறுவதற்கு ஓராண்டாவது ஆகும் என்று முன்னோர் அறிந்தே இவ்வாறு வகுத்தார்கள் போலும். திதிதோறும் புரோகிதர் வருகிறார். காகத்துக்குச் சோறு வைக்கப்படுகிறது. அன்று மாலை அந்த வீட்டுக்கு வேறு எவரும் வருவதில்லை என்பதுதான் இக்காலத்து நிலை. கோயில் நண்பர் ஒருவர் அத்திதியைத் தம் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அன்று மாலை போய்ச் சற்று நேரம் அமர்ந்திருந்தால் போதும். அது பெரிய உதவியாகும்.

போய் என்ன சொல்வது என்பது அடுத்த தயக்கம். உண்மையில், சொல்வதால் வரும் தீங்கே அதிகம். மனைவியை இழந்தவரிடம், “சுமங்கலியாகப் போய்விட்டார், கொடுத்து வைத்தவர்” என்கிறார்கள். கணவரை இழந்தவரிடம், “படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் அனாயாசமாகப் போனாரே, அதுவே புண்ணியம்” என்கிறார்கள். போனவருக்கு இவை பொருந்தலாம். இருப்பவருக்கு இவற்றில் என்ன இருக்கிறது? நாற்பது, ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர் இல்லாமற்போன வீட்டில், கொடுத்து வைத்தது யாருக்கு என்று அவர் கணக்கிட்டுக்கொண்டா இருப்பார்?

தத்துவம் சொல்வதும் அப்படித்தான். காளிதாசரின் இரகுவம்சத்தில் அயோத்தி மன்னன் அஜன் தன் மனைவி இந்துமதியைப் பூஞ்சோலையில் பறிகொடுக்கிறான். நாரதரின் வீணையிலிருந்து நழுவி விழுந்த மலர்மாலையே அவள் முடிவுக்குக் காரணமாகிறது. அஜன் அழுது புலம்புகிறான். குலகுரு வசிஷ்டர் அப்போது வேள்வி தீட்சையில் இருந்தமையால், தாம் வர இயலாமல் சீடர் ஒருவரிடம் உபதேசம் சொல்லியனுப்புகிறார். உடல் நிலையாமை, வினைப்பயன் என அவ்வுபதேசத்தில் குறைகூற ஒன்றுமில்லை. அஜனும் பணிவுடன் கேட்டுக்கொண்டு சீடரை வழியனுப்புகிறான். ஆனால் துயரம் நிரம்பிய அவன் நெஞ்சில் அந்த உபதேசத்துக்கு இடம் இருக்கவில்லை. மகன் தசரதன் சிறுவனாக இருந்தமையால் எட்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்து, அவன் பொறுப்பேற்கும் பருவம் வந்ததும் அஜன் உயிரைத் துறக்கிறான். வசிஷ்டரின் சொல்லுக்கே இடம் கிடைக்காத நெஞ்சில், வாசலில் செருப்பைக் கழற்றியவுடன் கீதையைப் பற்றி நாம் தொடங்கும் இரண்டு வாக்கியங்களுக்கு எப்படி இடம் கிடைக்கும்?

அதே கவி குமாரசம்பவத்தில் வேறொரு காட்சியையும் வைத்திருக்கிறார். காமன் எரிந்து சாம்பலானபின் தனித்து நிற்கும் இரதிதேவியின்முன் அவனுடைய நண்பனான வசந்தன் வந்து நிற்கிறான். அவனைக் கண்டதும் அவளுடைய அழுகை தணியவில்லை, மிகுகிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “நாம் போனால் அவர் மீண்டும் அழுவார், எதற்கு நினைவூட்ட வேண்டும்?” என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். மறந்திருந்தால் அல்லவா நினைவூட்டுவதற்கு? தம் துணையை அறிந்த ஒருவரின் முகம் காணும்போது அழுகை வருவது இயற்கை. அந்த அழுகைக்கு ஒரு துணை கிடைத்தது என்றே அதைக் கொள்ள வேண்டும்.

அந்தக் காவிரிக்கரை ஊரில், பிரதோஷக் குழுவின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து வந்தவர் அஞ்சல் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர். ஐப்பசிப் பிரதோஷத்துக்கு மறுநாள் அவர் துணிந்து பெரியவரின் வீட்டுக்குச் சென்றார். முதல் வருகை நன்றாக அமையவில்லை. “எல்லாம் ஈசன் செயல்” என்றார் இவர். “ஆமாம்” என்றார் பெரியவர். சுவரில் மாலையிட்ட படம். அதன்முன் எண்ணெய் வற்றி அணைந்த விளக்கு. கூடத்து மேசையில் பிரிக்கப்படாத கடிதங்கள். காப்பி தருகிறேன் என்று எழுந்த பெரியவர், சமையலறையில் டிகாஷன் இறக்கும் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதன் மேல்தட்டையும் அடித்தட்டையும் எப்படிப் பொருத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. வந்தவருக்கும் தெரியவில்லை. காப்பி குடிக்காமலே திரும்பி வந்தார்.

திரும்பும் வழியில் அவருக்குத் திருவதிகைத் திலகவதியாரின் நினைவு வந்தது. நாயன்மார் வரலாறு அறிந்தோர் இதனை அறிவர். தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியார் உடன் உயிர்நீத்தார். மணம் பேசி நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அவருக்கென்றே உரியவளானேன், அவரோடு போவேன் என்று திலகவதியார் துணிந்தபோது தடுத்து நிறுத்தியவர் யார்? பின்னாளில் திருநாவுக்கரசர் என்று உலகம் போற்றப்போகும் மருள்நீக்கியார், அன்று இளஞ்சிறுவர். பின்னர் எத்தனையோ பேருக்கு ஆறுதலான அந்த நாவிலிருந்து அன்று ஓர் ஆறுதல் மொழியும் வரவில்லை. அக்காவின் அடியில் விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்று அழுதார். அவ்வளவே. நீங்கள் எனக்கு வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்காகவே திலகவதியார் உயிர் தாங்கினார். பிறகு திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்து வாழ்ந்தார்.

துக்கத்தில் இருப்பவருக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒருவருக்குத் தேவைப்பட்டவராக இருந்தவர், ஒரே நாளில் எவருக்கும் தேவையற்றவராகிவிடுகிறார். அவரது நோவில் பெரும்பகுதி அதுவே. மருந்து நேரத்தை நினைவூட்ட ஆளில்லை, நினைவூட்டப்படவும் ஆளில்லை.

அடுத்த வியாழன் மாலை நான்கு மணிக்கு அஞ்சல்காரர் மீண்டும் சென்றார். கையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள்: ஒன்று பழையது, பூச்சி அரித்தது, மற்றொன்று புதியது. “அண்ணா, எனக்குக் கை நடுங்குகிறது. பழைய கணக்கையெல்லாம் இதில் பெயர்த்து எழுத வேண்டும். உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வாரம் நான்கு பக்கம் எழுதித் தந்தால் போதும்” என்றார். பெரியவர் ஏதும் பேசாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். இம்முறை அஞ்சல்காரர் வீட்டிலிருந்தே கூஜாவில் காப்பி கொண்டுவந்திருந்தார்.

உணவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு முதல் பத்து நாள் சாப்பாட்டுக்குக் குறைவில்லை; நாலா பக்கமிருந்தும் வரும். நாற்பதாம் நாள் அடுப்பு எரிந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரு கிண்ணம் ரசமும் பொரியலும் அப்போது போவதே சிறப்பு. காகிதங்களும் அப்படியே. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது பிள்ளைகள் இருக்கும்போதே நடந்துவிடும். அதன்பிறகு வரும் வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, கணவரை இழந்தவருக்கான குடும்ப ஓய்வூதியம் ஆகியவை தனியே இருப்பவரை மலைக்க வைக்கும். “ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்” என்றால் எவரும் சொல்லமாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நானும் வங்கிக்குப் போகிறேன், சேர்ந்து போகலாம்” என்றால் வருவார்கள். துணையின் பின்னே தானும் போய்விட வேண்டும் என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னாலோ, உணவும் உறக்கமும் அற்றுப் போனாலோ, முதுமையின் புலம்பல் என்று அதைத் தள்ளிவிடாமல் பிள்ளைகளுக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். இதில் கூச்சம் பார்ப்பதற்கில்லை.

கணவரை இழந்த பெண்டிர் விஷயத்தில் கோயிலுக்கு வருவோர் செய்யும் ஒரு கொடுமை உண்டு. அதைக் கொடுமை என்று கூறாமல் இருப்பதற்கில்லை. விளக்கு பூசை முடிந்து மஞ்சள், குங்குமம், வெற்றிலைத் தட்டு வரிசையாக வருகிறது. ஓரிடத்தில் மட்டும் ஒருவரைத் தாண்டிச் செல்கிறது. தட்டை ஏந்தியவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். தாண்டப்பட்டவர் மறுவாரம் வருவதில்லை. திலகவதியார் தொடுத்த மாலையை அதிகை ஈசன் ஏற்றுக்கொண்டான். நாம் ஒரு பூவும் வெற்றிலையும் நீட்டத் தயங்குகிறோம். அவரவர் குலவழக்கு அவரவர்க்கு. குங்குமத்தை எடுப்பதும் விடுப்பதும் அவர் விருப்பம். தட்டை அவர் முன்னும் நீட்டுவது நம் கடமை. பாராயணக் குழுவுக்கு அவரை முன்போலவே அழைப்பதும், ‘இந்தப் பதிகத்துக்கு நீங்கள்தான் பண் எடுத்துக் கொடுக்க வேண்டும்’ என்று கேட்பதும் அவ்வாறே.

கார்த்திகையில் ஒரு வியாழன், பெயர்த்தெழுதிக்கொண்டிருந்த பெரியவரின் கை நின்றது. ஆனி மாதப் பிரதோஷம் ஒன்றில் பால் அபிஷேகத்துக்கு நூற்றொரு ரூபாய் வரவு. செலுத்தியவர் அவருடைய மனைவி. சங்கல்பத்துக்குக் கொடுத்திருந்த பெயரும் நட்சத்திரமும் அவருடையவை. அடுத்த ஆண்டின் பக்கத்தைப் புரட்டினார், அதிலும் இருந்தது. பதினோர் ஆண்டுகள் விடாமல் இருந்தது. அவருக்கு முதன்முதலில் நெஞ்சுவலி கண்டது ஓர் ஆனி மாதம்.

“ஆனியில் ஒருநாள் பிரசாதத்தை முழுவதுமாக என்னிடமே கொடுப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை” என்றார் பெரியவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அஞ்சல்காரர் பேச்சை மாற்றவில்லை, புத்தகத்தை மூடவுமில்லை. அம்மையாரின் பெயரைச் சொல்லி, பால் செம்பை அவர் எப்போதும் இரு கைகளாலும் ஏந்தி வருவார் என்றார். அந்த வீட்டில் வெளியார் ஒருவர் அப்பெயரை உச்சரித்து இரண்டு மாதமாகியிருந்தது.

தை மாதக் கடைசியில் பழைய புத்தகம் முழுவதும் எழுதி முடிந்தது. அடுத்த வியாழன் நான்கு மணிக்கு அஞ்சல்காரர் வேறொரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதற்கும் முந்திய காலத்துக் கணக்கு. தணிக்கை முடிந்து எவருக்கும் வேண்டாமல் மடப்பள்ளிப் பரணில் கிடந்தது. பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்தார். இதைப் பெயர்த்தெழுத வேண்டிய அவசியமே இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தின் தலைப்பில் சிவமயம் என்று எழுதினார்.