நஷ்டஈடு பிச்சையல்ல, பாத்தியதை!

கூலி கேட்ட விவசாயத் தொழிலாளி அடிபடுகிறார். இரவு ஷிப்டில் பஞ்சாலைப் பெண் தொழிலாளி மேஸ்திரியின் அக்கிரமத்துக்கு ஆளாகிறார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்தவர் ஆலை விடுதியில் தாக்கப்படுகிறார். இதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஸ்டேஷனில் நாள் முழுதும் காத்துக் கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்குகிறார். கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கிறார். கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து “ராஜியாகப் போ” என்கிறார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் உண்டு, ஜாமீன் உண்டு, அப்பீல் உண்டு. இவை இருக்க வேண்டியவைதான். பொய் வழக்குகளில் சிறை சென்ற உழைப்பாளிகளுக்கு இவற்றின் அருமை நன்கு தெரியும். ஆனால் அடிபட்டவருக்கு என்ன உண்டு? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

வெகுகாலம் சட்டத்தின் விடை, “ஒன்றுமில்லை” என்பதாகவே இருந்தது. வழக்கு சர்க்காருக்கும் குற்றவாளிக்கும் இடையில் நடக்கும். பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. தண்டிக்கப்பட்ட மிராசுதார்கள் பின்னர் அப்பீலில் விடுதலையானார்கள். போலீஸ் தொடுத்த வழக்கில் குற்றவாளி விடுதலையானால், அதை எதிர்த்து அப்பீல் செய்யும் பாத்தியதை அன்று சர்க்காருக்கே இருந்தது. பிணங்களைப் பொறுக்கி எடுத்த குடும்பங்களுக்கு இல்லை.

இந்த நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2009 இறுதியில் அமுலுக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் யார் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் முறையாக வரையறுத்தது. குற்றவாளி விடுதலையானாலும், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலும், நஷ்டஈடு போதவில்லையென்றாலும் பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம் என்றது. தண்டனை போதாது என்று அப்பீல் செய்ய இன்னமும் இடமில்லை. அந்தக் குறையும் நீங்க வேண்டும்.

அதே திருத்தம் ஒவ்வொரு மாநில சர்க்காரும் நஷ்டஈட்டு நிதி அமைக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-ல் அதற்கான திட்டம் வந்தது. குற்றவாளி தண்டிக்கப்பட்டு, அவன் அபராதம் கட்டிய பிறகுதான் நஷ்டஈடு என்ற நிலை இதனால் போயிற்று. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்த குடும்பத்தாரோ ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். இரண்டு மாதத்தில் விசாரணையை முடித்து ஆணைக்குழு தொகையைத் தீர்மானிக்க வேண்டும். அவசரமானால் இடைக்கால உதவி அளிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில், தமிழ் உழைப்பாளியின் வாயில் நுழையாத இந்திப் பெயர் சூட்டிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. மேற்சொன்ன உரிமைகள் அதிலும் தொடர்கின்றன. குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். “எங்கள் எல்லையில்லை” என்று திருப்பியனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். பதிவு செய்ய மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புலன்விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். பாலியல் பலாத்காரத்துக்கும் திராவக வீச்சுக்கும் ஆளானவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவச சிகிச்சை அளிக்க வேண்டும், மறுப்பது குற்றம்.

ஆனால் இதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை வரையுள்ள குற்றங்களில், வழக்குப் பதிவதற்கு முன்பே டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்தலாமாம்! இந்த 14 நாளில் பணமும் செல்வாக்கும் உள்ளவன் என்ன செய்வான் என்று உழைப்பாளிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் இந்த ஆரம்ப விசாரணை தேவையில்லை என்பது 2018-லேயே சட்டமாகிவிட்டது. அந்த நியாயம் எல்லா ஏழை மக்களுக்கும் ஏன் கூடாது?

1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நமது விவசாயத் தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியே புலன்விசாரிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பிரயாணச் செலவும் படியும் தரவேண்டும். கொலை வழக்கில் நிவாரணத்தின் பாதியைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மறுபாதியைக் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் தரவேண்டும். தீர்ப்பு வரும்வரை விதவை காத்திருக்கத் தேவையில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, மறுவாழ்வு, ஒவ்வொரு கட்டத்திலும் கோர்ட்டில் தம் பேச்சைக் கேட்கச் செய்யும் உரிமை ஆகியவை 2015-ம் வருஷத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. கடமை தவறும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்ற பெயரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி ஜில்லாவின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். யாரிடம் புகார் செய்வது? குற்றவாளியே காக்கி உடுப்பில் நின்றான்! பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவனும் விடாமல் போராடிக் கோர்ட்டுக்குச் சென்ற பிறகே வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை ஹைகோர்ட்டு அதை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு தர உத்தரவிட்டது.

முப்பத்தோரு வருஷங்கள்! குமரிகளாக இருந்தவர்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். ஆயினும் அவர்கள் ராஜிக்குப் போகவில்லை, மிரட்டலுக்குப் பணியவில்லை. அவர்கள் தனியாக நிற்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பின்னால் ஒரு ஸ்தாபனம் இருந்தது; ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வருவதற்கு ஆள் இருந்தது. வாச்சாத்தி தரும் படிப்பினை இதுதான்.

ஆகவே சர்க்காரிடம் நாம் கோருவது இது: நஷ்டஈட்டு விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் எளிய தமிழில் பலகையாக எழுதி வை, வெளிமாநிலத் தொழிலாளர் இருக்குமிடத்தில் அவர்கள் பாஷையிலும் எழுது. இடைக்கால உதவியை மாதக்கணக்கில் இழுக்காமல் நாட்கணக்கில் கொடு. சாட்சி சொல்ல வருகிறவருக்கு அன்றைய கூலியை எல்லா வழக்குகளிலும் கொடு. 14 நாள் ஆரம்ப விசாரணையை நீக்கு.

நமது சங்கங்களுக்கும் கடமை உண்டு. 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமெல்லாம் பெண்களின் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க உள் கமிட்டி அமைப்பது 2013-ம் வருஷச் சட்டப்படி முதலாளியின் கட்டாயக் கடமை. உங்கள் ஆலையில் அந்தக் கமிட்டி இருக்கிறதா? அதில் யார் யார் இருக்கிறார்கள்? அடுத்த வாயில் கூட்டத்தில் கேளுங்கள்!

ஒவ்வொரு கிளையும் இந்த விவரங்களை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். அடிபட்டவர் ஸ்டேஷன் படியேறும்போது இரண்டு தோழர்கள் கூடச் செல்லட்டும். புகாரின் நகல் கைக்கு வரும்வரை திரும்பி வராதிருக்கட்டும். ஏழை தனியாகப் போனால் “நாளைக்கு வா” என்பார்கள். சங்கத்தோடு போனால் நாற்காலி போடுவார்கள்.