காலத்தைக் கடத்தியவர் யார்?

இருபத்தைந்து வயதாகியும் உத்தியோகம் இல்லையா என்று வீடுதோறும் விசாரணை நடக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை டாக்குத்தர், பெரியப்பா மகன் எஞ்சினியர், நீ மட்டும் ஏன் இப்படி? சாட்சியம் கேளாமலே தீர்ப்பு!

சாட்சியத்தைக் கேளுங்கள், பெற்றோரே! வழமையாக ஆகஸ்டில் நடைபெறும் உயர்தரப் பரீட்சை, 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரியிலுமே தொடங்கிற்று. கொள்ளைநோய் ஒரு காரணமே, மறுப்பார் யார்? அந்நோயை இளைஞனா அழைத்து வந்தான்? பின்னர் பெறுபேற்றுக்குக் காத்திருப்பு, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பு. இடையில், 2022இல், நாடே கடன் கட்ட வகையற்று நின்றது. பட்டம் பெற்றாலாவது விடிவுண்டா? 2017இல் பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பாக வேலை கேட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனரே!

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தால் பதவி உயர்வு இழந்த தமிழ் உத்தியோகத்தரைச் சோம்பேறிகள் என்று ஏசினோமா? 1970களில் தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாயில் அடைபட்ட மாணவரை மந்தபுத்தியினர் என்றோமா? அரசையல்லவா குற்றஞ் சாட்டினோம்! அன்று வாயில் அடைபட்டோரே இன்று தந்தையரும் பாட்டனாருமாகித் தம் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுகின்றனர். (உத்தியோகத்துக்கேற்பச் சீதனம் பேசும் சந்தையும் இதற்குள் ஒளிந்திருக்கிறது, அதை வேறொருநாள் கவனிப்போம்.)

கேள்வி கேட்கத் துடிப்போர் பரீட்சைத் திணைக்களத்திடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் கேட்கட்டும். பரீட்சை என்று? பெறுபேறு என்று? பல்கலைக்கழக அனுமதி என்று? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. எழுத்திலே கேளுங்கள், எழுத்திலே பதில் வாங்குங்கள்.