பழைய கிடார் என்ன பாவம் செய்தது?

பேரன் எலக்ட்ரிக் கிடார் கேட்கிறான். பட்ஜெட் 15,000 ரூபாய். "எவனோ வாசித்ததை வாங்குவதா? புதுசுதான்" என்கிறான் என் மகன். மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு அவன் தினமும் போவதே செகண்ட் ஹேண்ட் பைக்கில்தான்!

பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி வாசித்தால் பெருமைப்படுகிறோம். கிடாருக்கு மட்டும் ஏன் தீட்டு?

ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலக்ட்ரிக் கிடார் வெறுமனே முணுமுணுக்கும். முழுப் பணத்தையும் புதுசில் போட்டுவிட்டால் அதற்கு எங்கே போவது?

பழசைப் பார்த்து வாங்கலாம். கழுத்து லேசாக வளைந்திருந்தால், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா, ஒயரைச் செருகினால் கரகரக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும்.

பேரன் கேட்டது கிடார். புதுசு கேட்பது அவன் அப்பன். ஞாயிற்றுக்கிழமை நானும் பேரனும் தாம்பரத்தில் ஒரு பழைய கிடாரைப் பார்க்கப் போகிறோம், அதே பைக்கில்.