காருக்குக் கண்புரை வந்தால் கூலிங் கிளாஸ் மாட்டுவீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. அப்படியே யாராவது புண்பட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

பூனாவுக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. ஆணி பிடுங்கிச் சேர்த்த காசில் ஒரு 2008 மாடல் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட். முதல் ஓனர் பல வருஷம் மும்பையில் கடற்காற்றிலேயே நிறுத்தி வைத்திருந்தவர். "இந்தக் காசுக்கு ஒரு கிழட்டு யானை வாங்கியிருந்தா ஆசீர்வாதமாவது பண்ணியிருக்கும்" என்றார் தங்கமணி. அவர் வாய்முகூர்த்தமோ என்னவோ, ஒரு மழைக்காலம் முடிந்ததும் முன் கண்ணாடியின் வலது கீழ் மூலையில் பால் சிந்தினது மாதிரி ஒரு வெள்ளை. வெளியே துடைத்தேன், போகவில்லை. உள்ளே துடைத்தேன், அப்போதும் போகவில்லை. வெள்ளை இருந்தது இரண்டுக்கும் நடுவில்!

சரி, மேட்டருக்கு வருவோம். காரின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம், சாதாரணமாக 0.76 மில்லிமீட்டர் கனத்தில், சாண்ட்விச் மாதிரி இருக்கும். கல் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டாலும் சிதறி நம் முகத்தில் அடிக்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் படலம்தான். அதற்கு எதிரி ஈரம். வெயிலும் வயதும் சேர்ந்துகொண்டால் ஓரத்தில் ஈரம் ஏறி, ஒட்டு விட்டு, வெள்ளையாகவோ குமிழாகவோ தெரிய ஆரம்பிக்கும். டீலேமினேஷன் என்பது இதைத்தான். நம் பாஷையில் சொன்னால் காருக்குக் கண்புரை.

இனி எனக்குக் கிடைத்த மூன்று அறிவுரைகளைக் கேளுங்கள்.

ஒன்று, மதுரை நண்பர். "மாப்ளே, பழைய கார்னா அப்படித்தான். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." பண்ணினேன். வெள்ளை மெதுவாக மேலேறி வந்தது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். கராட் தாண்டி, சாலை வேலைக்காகத் திருப்பிவிட்ட இடம், ராத்திரி. எதிரே ஒரு லாரி. அதன் வெளிச்சம் பட்டதும் அந்த வெள்ளை முழுக்க டியூப்லைட் மாதிரி எரிந்தது. சாலை வலப்பக்கம் வளைகிற இடத்தில், அந்த வெள்ளைக்குப் பின்னாலிருந்து பின்விளக்கே இல்லாத ஒரு கரும்பு டிராலி முளைத்தது. பிரேக்கை மிதித்து நின்றபோது ஒரு கை நீளம்தான் பாக்கி. பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு, பூனாவில் ஒரு கடை. "சாப், ரெசின் ஏத்தி சரி பண்ணிடலாம்." முடியாது ஐயா! ரெசின் என்பது கல் தெறித்த சின்னக் குழிக்கு. இந்தச் சாண்ட்விச்சை ஃபேக்டரியில் ஆட்டோகிளேவ் அடுப்பில் 140 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில், காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அமுக்கி ஒட்டுகிறார்கள். அதைத் தெருவோரத்தில் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வார்கள்?

மூன்று, இன்னொரு கடை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு கல்லை எடுத்து நீங்களே போடுங்க. ஆக்சிடெண்ட்னு க்ளெய்ம் பண்ணிடலாம்." வயதாகித் தேய்வதற்கு இன்ஷ்யூரன்ஸ் தராது, விபத்தில் உடைந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும். அதனால்தான் இந்த ஐடியா. படித்த, பெரிய சம்பளம் வாங்கும் நம் ஆட்களே இதைச் சாமர்த்தியம் என்று பார்ட்டியில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஊரில் அரிசிக் கடைக்காரர் எடையில் ஏமாற்றினால் திருட்டு, நாம் கல் போட்டால் சாமர்த்தியமா?

எனக்கு எரிச்சல் இவர்கள் மேல் மட்டுமில்லை, என் மேலும்தான். அதே காருக்கு அலாய் வீல் மாற்ற ரூ. 72,000 செலவழித்தவன் நான். கண்ணாடிக்கு ரூ. 46,000 என்றதும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். வீலை மற்றவர்கள் பார்ப்பார்கள். கண்ணாடி வழியாக நான்தானே பார்க்கிறேன்!

கடைசியில் மாற்றினேன். பழைய கண்ணாடியைக் கழற்றினால் ஃபிரேமில் துரு. அதன் மேலேயே பசை தடவப் போனார் பையன். நிறுத்தினேன். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடிப்பது துருவைத்தான், காரை இல்லை. பசையும் பாலியூரித்தேன் வகையாக இருக்க வேண்டும், பாத்ரூம் சிலிக்கான் கூடாது. பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கிறது. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதிலும் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. அது பிய்த்துக்கொண்டு போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன? கண்ணாடி மூலையில் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிக் கண்ணாடி என்றால் அதற்குரிய முத்திரை இருக்க வேண்டும். பசை காய எத்தனை மணி நேரம் என்று டியூபிலேயே போட்டிருக்கும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

நியாயமாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள்ளேயே இருந்தால் பதற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்து ஓட்டுபவர் பார்வைக்குள் வந்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. கண்புரைக்குக் கூலிங் கிளாஸ் மாட்ட மாட்டோம், ஆபரேஷன்தான். இதற்கும் அதேதான்.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்புமுன் டயரில் காற்றுப் பார்ப்பீர்கள், வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவீர்கள். அதோடு, இருட்டினதும் ஒரு தெருவிளக்குக்கு எதிரே காரை நிறுத்தி, ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம் பாருங்கள். வெள்ளை எரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஊரில் அம்மா ஒரு வாரம் காத்திருப்பார்.